கரி பஸ்ஸும் ஒரு கரண்டி பிராந்தியும்

தினமும் காலையில் ஒரு மனிதர் முகத்தில் ஊதிவிட்டுத்தான் என் வேலை ஆரம்பிக்கிறது. பஸ் ஷெட்டுக்குள் நான் நுழைந்ததும் குமாஸ்தா மேஜையை விட்டு எழுந்து வருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே, "ம், ஊது" என்பார். ஊதுவேன். கண்ணை மூடிக்கொண்டு, கற்பூரம் ஒற்றிக்கொள்கிறவர் மாதிரி ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு, "வெங்காயம்" என்றோ "பல் விளக்கலையா?" என்றோ சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ஷெட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். நம் ஊரில் ஒருவர் இன்னொருவர் முகத்தில் ஊதினால் மந்திரிக்கிறார் என்று அர்த்தம். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கும் என்று நம்புவோம். இந்தப் பெங்களூரில் நான் ஊதி எந்தக் காய்ச்சலும் இறங்கவில்லை. ஒரு வருஷமாக ஊதிக்கொண்டிருக்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் விஷயத்தை வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பீர்கள். வண்டிக்காரன் மகன் பெருமாள் பெங்களூர் போய்க் குடிக்கக் கற்றுக்கொண்டான், குடித்துவிட்டு பஸ்ஸை ஏரிக்கரையில் ஏற்றினான், கோர்ட்டுக் கச்சேரியில் தானே ஒப்புக்கொண்டான் என்று. பஸ் ஏறியதும் அந்தக் கடைசி வார்த்தையும் உண்மை. குடித்ததெல்லாம் பொய். என் ஆயுசில் என் தொண்டைக்குள் இறங்கியது ஒரே ஒரு கரண்டி. அதுவும் நான் நினைவில்லாமல் கிடந்தபோது இன்னொருவர் ஊற்றியது. இதை நேரில் சொல்லப் போனால் கேட்பவர்கள் என் வாயையே பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். டிரைவர் வேலை தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் இது உபயோகப்படும். நான்காம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்கு ரேஷன் ஆனதும், எங்கள் முதலாளி தன் இரண்டு பஸ்களையும் கரிக்கு மாற்றினார். பார்த்திருப்பீர்கள்: பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை, அதற்குள் மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி. விடியற்காலையில் விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றி நெருப்பைக் கிளப்ப வேண்டும். அதிலிருந்து வரும் புகைவாயு ஒரு குழாய் வழியாக பஸ்ஸின் அடிவயிற்றில் ஓடி முன்னால் இஞ்சினுக்குப் போகும். என் வண்டியில் அந்தக் குழாயின் ஓர் இணைப்பு டிரைவர் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது விட்டுப்போயிருந்தது. வேறு இணைப்பு வாங்கித் தாருங்கள் என்று கேட்டால், "யுத்தம் நடக்குதுடா" என்பார் முதலாளி. அந்த நாளில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நான் ஈரச் சாக்கைச் சுற்றி, மேலே களிமண் அப்புவேன், என் வீட்டுக்காரி கன்னியம்மா அடுப்புக்கு மண் பூசுகிற மாதிரி. சூட்டில் மண் காய்ந்து வெடிக்கும். ஓசூரில் நிறுத்தி மறுபடியும் பூசுவேன். ஓட்டும்போது தலை வலிக்கும், வாந்தி வருகிற மாதிரி இருக்கும். "டீ குடி, சரியாப் போயிடும்" என்பார். எனக்கோ இயல்பிலேயே கவலைப்படுகிற சுபாவம். பிரேக்கைப் பற்றிக் கவலை, டயரைப் பற்றிக் கவலை, பாலத்தைப் பற்றிக் கவலை. இருபது விஷயத்துக்குக் கவலைப்பட்டு, இருபத்தோராவது விஷயத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தடத்தில் ஒரே நடையில் மூன்று சர்க்காரைத் தாண்ட வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர் வரை நம் மதராஸ் சர்க்கார். அத்திப்பள்ளி தாண்டினால் மைசூர் சமஸ்தானம். கடைசியில் அல்சூர் ஏரியை ஒட்டிக் கண்டோன்மெண்டுக்குள் நுழைந்தால் வெள்ளைக்காரன் ராஜ்ஜியம். நம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடியிருந்த காலம் அது. எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லாம் திறந்திருந்தது. அதனால் சந்தை நாட்களில் எங்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருகிறவர்கள் அல்ல. திரும்பிப் போகும்போது கண்டக்டர் சிவண்ணா ஒவ்வொருவனையும் கைத்தாங்கலாக ஏற்றுவார். சிவண்ணா பேட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர். முறுக்கிய மீசை, நல்ல மனசு. "பெருமாளு, நம்முது பஸ் இல்லப்பா, பள்ளத்துல ஓடுற பீப்பா" என்பார். கண்டோன்மெண்டுப் போலீசுக்கும் அப்படித்தான் தெரியும். கிருஷ்ணகிரி பஸ் என்றால் குடிகாரர் பஸ்.

விபத்து நடந்த அன்றைக்குக் காலையிலிருந்தே தூறல். பயணிகள் நனையாமல் இருக்கப் பக்கத்துப் படுதாக்களை இறக்கிக் கட்டியிருந்தோம். எனக்குப் பின்னாலிருந்த பெண்கள் சீட்டில் ஓசூரில் ஏறிய ரோசம்மா உட்கார்ந்திருந்தார். பிரேசர் டவுனில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் ஆயா வேலை பார்க்கும் வேதக்காரப் பெண்மணி, கிறிஸ்தவர். அறுபது வயது இருக்கும். மடிவாளம் தாண்டும்போதே எனக்குக் கண் இருட்டியது. ஸ்டியரிங் எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி, என் கை வேறு யாருடைய கையோ மாதிரி. அல்சூர் ஏரிக்கரைத் திருப்பம் வரை நினைவு இருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். பஸ் ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியை நொறுக்கி, கரையில் ஏறி, மரத்தில் முட்டி நின்றதாம். பழக்காரருக்குக் கால் விரல் நசுங்கியது. பகவான் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. சிவண்ணா என்னை இறக்கித் தரையில் போட்டிருக்கிறார். ரோசம்மா கூடையைத் திறந்து ஒரு மருந்து சீசாவை எடுத்திருக்கிறார். சீசாவின் கழுத்தில் ஒரு கரண்டி நூலில் கட்டித் தொங்கியது. உள்ளே பிராந்தி. ஒரு கரண்டி வாயில், இன்னும் கொஞ்சம் நெஞ்சில் தேய்ப்பதற்கு. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

நம் ஊரில் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்போம், வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைப்போம். கண்டோன்மெண்டில், துரைமார் வீட்டில் வேலை செய்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள் மத்தியில், பிராந்தி என்பது மருந்து. வீட்டில் ஓம வாட்டர் இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கும். அந்த அம்மாள் செய்தது புண்ணியம். அந்தப் புண்ணியம் என் வாயில் மணத்தபோதுதான் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார்.

கண் திறந்தபோது காக்கி உடுப்பு தெரிந்தது. "எந்த பஸ்ஸு? கிருஷ்ணகிரியா? அப்ப சரி" என்று யாரோ சொல்வது கேட்டது. பிறகு என் முகத்துக்கு நேரே ஒரு குரல்: "டேய், குடிச்சிருக்கியா?"

"ஆமாங்க" என்றேன்.

ஏன் சொன்னாய் என்று இதுவரை நூறு பேர் கேட்டுவிட்டார்கள். காக்கி உடுப்பு எதைக் கேட்டாலும் நாம் முதலில் "ஆமாங்க" என்போம், இல்லையா? "என்னடா, மழை பெய்யலையா?" "ஆமாங்க." "இது உன் மாடுதானே?" "ஆமாங்க, இல்லீங்க, பக்கத்து வீட்டுதுங்க." அந்த இரண்டாவது வார்த்தைதான் பதில் என்று நம் பக்கத்து அதிகாரிகளுக்குத் தெரியும். இங்கே முதல் வார்த்தையோடு பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. டாக்டரும் மோந்து பார்த்து எழுதினார்: கண் சிவப்பு, நடை தள்ளாட்டம், வாயில் வாடை.

ஜாமீனில் வெளியே வந்து அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனேன். எனக்கு முன்னே செய்தி போயிருந்தது. கன்னியம்மா என் கிட்டே வந்தாள்.  என் சட்டையைக் கழற்றி முகத்தருகே கொண்டுபோனாள். அவள் முகம் போன போக்கை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். அவள் அப்பா எனக்குப் பெண் கொடுக்கும்போது நகையா கேட்டார், நிலமா கேட்டார்? "உங்கப்பன் மாதிரி குடிக்க மாட்டேன்னு சூடம் அணைச்சுச் சொல்லு" என்றார். அணைத்தேன். உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுவண்டிக்காரர். புளி மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போவார், திரும்பும்போது கள்ளு. ஒருநாள் வண்டி ஒருத்தர் கன்றுக்குட்டி மேல் ஏறிவிட்டது. சாவடியில் கூட்டம் கூடியது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: கூப்பிடப்பட்டவன் வந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும், "தெரியாம நடந்துபோச்சு, தப்பை மன்னிக்கணும்" என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள், "எந்திரிடா, நடந்ததைச் சொல்லு" என்பார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கே ஆரம்பம். விழுந்ததற்குக் குற்றம் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தமில்லை, சபைக்கு மரியாதை, அவ்வளவுதான். என் அப்பா விழவில்லை. கள்ளு வாடை பத்தடிக்கு வீச, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் குடிக்கல. சாட்சி யாரு?" என்றார். "உன் நாத்தம்தான்டா சாட்சி" என்றார் ஒருவர். சபை சிரித்தது. அடுத்த நாளிலிருந்து யாரும் எங்கள் வண்டியில் மூட்டை ஏற்றவில்லை. அதோடு என் பள்ளிக்கூடம் போயிற்று. "குடிச்சதுக்கு இல்லடா இந்தத் தண்டனை, நிமுந்து நின்னதுக்கு" என்று அம்மா சொல்லிச் சொல்லி என் முதுகெலும்பிலேயே எழுதிவிட்டாள். "எங்க போனாலும் முதல்ல விழுந்துடு. அப்புறம் பேசு."

அந்த முதுகோடுதான் நான் பெங்களூர் வந்தேன். லாரி கழுவி, கிளீனராக இருந்து, எட்டு வருஷம் கழித்து லைசென்ஸ் எடுத்தேன். சின்னப் புத்தகம். அதில் ஒட்டியிருப்பதுதான் என் ஆயுசில் எடுத்த முதல் போட்டோ. ஆயுத பூஜைக்குக் கன்னியம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். கேஸ் தோற்றால் அந்தப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதி, லைசென்ஸை ரத்து செய்துவிடுவார்கள் என்றார்கள். எனக்கு ஜெயில் பயம்கூட அவ்வளவு இல்லை. என் போட்டோவுக்கு எதிர்ப் பக்கத்தில் 'குடிகாரன்' என்று எழுதப்போகிறார்களே என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ரோசம்மாதான் என்னைத் தன் கோயில் பங்கைச் சேர்ந்த தேவசகாயம் வக்கீலிடம் அழைத்துப்போனார். சின்ன வயசு வக்கீல். பாதி இங்கிலீஷில் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து நடந்தார்.

"பெருமாள், லிசன். கரிப்புகை உள்ள போனாலும் கண்ணு சிவக்கும், காலு தள்ளாடும், மயக்கம் வரும். பிராந்தி வாடைக்கு இந்தம்மா சாட்சி. புகைக்குக் கண்டக்டர் சாட்சி. ஸ்டேஷன்ல நீ சொன்ன 'ஆமாங்க' இருக்கே, அது நீ சொன்னதில்ல, புகை சொன்னது. அப்படித்தான் ஆர்க்யூ பண்ணப்போறேன். கோர்ட்ல உனக்கு ரெண்டே வார்த்தைதான். 'குடிக்கல. புகைதான்.' மூணாவது வார்த்தை உன் வாயில வரக் கூடாது. புரியுதா?"

"ஆமாங்க" என்றேன். ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. ஷெட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டார். அதற்கு முன்னால் அவர் கை என் தோளில் பட்டதே இல்லை. "புகை கசிஞ்சதுன்னு கோர்ட்ல சொன்னா ரெண்டு வண்டிக்கும் பர்மிட் போயிடும். பன்னெண்டு குடும்பம் தெருவுல நிக்கும். நீ குடிச்சேன்னு சொல்லிடு. அபராதத்தை நான் கட்டறேன். குடிகாரன்னு பேரு வந்தா என்னடா, ஊர்ல யாரு குடிக்கல? உன்னைக் கைவிட மாட்டேன்." நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. சிவண்ணாவையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். வெளியே வந்த சிவண்ணா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "ஏன் பெருமாளு, ஊட்டா ஆயித்தா?" என்று சாப்பிட்டாயா எனக் கேட்டாரே தவிர வேறு பேசவில்லை.

இரண்டு வாரம் கன்னியம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். சோற்றைத் தட்டில் போடுவதற்கு முன்னால், "சொல்லுங்க" என்பாள். "குடிக்கல. புகைதான்." "நிமுந்து சொல்லுங்க." நிமிர்ந்து சொன்னால்தான் குழம்பு. சட்டை விவகாரத்துக்குப் பிறகு அவள் என்னை நம்ப ஆரம்பித்தது அப்போதுதான். நானும் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன்.

கேஸ் நாள் வந்தது. முதலில் ரோசம்மா கூண்டில் ஏறினார். சர்க்கார் தரப்பு வக்கீல், "ஒரு ஆயாவுக்குப் பிராந்தி சீசா எதற்கு?" என்று கேட்டார். "எங்க மேம்சாப் வீட்ல கொழந்தைக்குப் பல்லு மொளைச்சாலும் அதான் மருந்து, தொரைக்குப் பல்லு விழுந்தாலும் அதான் மருந்து. எனக்கும்தான் அன்னிக்குத் தலை சுத்துச்சு. நான் ஓட்டிட்டா வந்தேன்? என்னையும் புடிச்சு உள்ள போடுங்க" என்றார். மொழிபெயர்க்கிறவர் அதை இங்கிலீஷில் சொன்னபோது மாஜிஸ்திரேட்டின் உதட்டோரம் லேசாக விரிந்தது. பிறகு சிவண்ணா. வராந்தாத் தூணோரம் முதலாளி நின்றிருந்தார். சிவண்ணா ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தார்.  ஆனாலும் சொன்னார்: இணைப்பு விட்டிருந்தது, மண் பூசித்தான் ஓட்டினோம், டிரைவர் பலமுறை முறையிட்டார். எல்லாம் சொன்னார். தேவசகாயம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கே தோன்றியது. என் ஆயுசில் நான் கவலையில்லாமல் இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

கடைசியில் மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று மொழிபெயர்க்கிறவர் கேட்டார். நான் எழுந்தேன். உயரமான மேடை, கறுப்பு அங்கி, சுற்றிலும் சபை. வாயில் வக்கீல் கொடுத்த இரண்டு வார்த்தையும் தயாராக இருந்தன. ஆனால் முதுகு முந்திக்கொண்டது. கை தானாகக் கூம்பியது. கூண்டுக்குள் விழ இடமில்லாததால் குனிந்தேன். "எசமான், தெரியாம நடந்துபோச்சு. தப்பை மன்னிக்கணும்."

அப்படியே குனிந்தபடி நின்றேன். இனி "எந்திரிடா, நடந்ததைச் சொல்லு" என்பார்கள், அப்போது குடிக்கல, புகைதான் என்று நிமிர்ந்து சொல்லலாம் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. மொழிபெயர்க்கிறவர் நான்கு வார்த்தை சொன்னார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. தேவசகாயம் பதறி எழுந்து, இது இந்த மக்களின் வழக்கம், மரியாதை, ஒப்புதல் அல்ல என்று ஏதேதோ வாதாடினார். மாஜிஸ்திரேட் நிதானமாகச் சொன்னது பின்னால் எனக்குத் தமிழில் சொல்லப்பட்டது: "ஸ்டேஷனில் சொன்னது புகை என்கிறீர்கள். இன்று இந்தக் கோர்ட்டில் புகை இல்லையே?"

அபராதம். லைசென்ஸ் ரத்து. புத்தகத்தில் சிவப்பு மை. வெளியே வந்ததும் தேவசகாயம் என்னைத் திட்டவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரோசம்மாதான் அழுதார். "நான் ஊத்தாம இருந்திருக்கலாம் தம்பி" என்றார். கன்னியம்மா அன்றைக்குச் சோறு போட்டாள். 'சொல்லுங்க' என்று கேட்கவில்லை. கை கழுவும்போது மட்டும், "முதலாளியைப் பாத்தீங்களா, அதுக்கு முன்னாடி?" என்றாள்.

பார்த்தேன். எழுந்து நின்றபோது தூணோரம் அவர் முகம் தெரிந்தது. பன்னிரண்டு குடும்பம் என்ற சொல்லும் ஞாபகம் வந்தது. என்னைக் குனிய வைத்தது அம்மாவின் பாடமா, அவருடைய பார்வையா? வழக்கம்தான், முதுகுதான் என்று வக்கீலிடம் சொன்னேன், உங்களுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ராத்திரி படுத்தால் நிச்சயமாகத் தெரியவில்லை. அப்பா குடித்துவிட்டு இல்லையென்றார், நான் குடிக்காமல் ஆமாம் என்றேன். இரண்டு பேர் வண்டியும் போய்விட்டது.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. என்னைக் கைவிடவில்லை. உலைக்குக் கரி போடுகிற வேலை கொடுத்தார், காலையில் ஊதிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இணைப்பையும் புதிதாக மாற்றிவிட்டார். யுத்தம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சத்தியம் பேசிய சிவண்ணாவைத்தான் அதே வாரத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பினார். இப்போது அவர் மார்க்கெட் பக்கம் மூட்டை தூக்குகிறார். என்னைக் கண்டால் இன்னமும், "ஊட்டா ஆயித்தா?" என்கிறார். ஆயிற்று என்பேன். ஒருமுறை மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பேடப்பா பெருமாளு, வேணாம். நீ மன்னிப்பு கேட்டா யாருக்கும் நல்லது நடக்கல" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன மாதம் மச்சான் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இலையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "பெங்களூர்க்காரரு, நம்ம ஊர்ல கடை இல்லையே, எப்படித் தாங்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார். பெங்களூரில் நான் கிருஷ்ணகிரிக் குடிகாரன். கிருஷ்ணகிரியில் பெங்களூர்க் குடிகாரன்.

கரி போடுகிறவனுக்கு இருக்கை பஸ்ஸின் பின்னால், வெளியே, உலைக்குப் பக்கத்தில். ஒரு பலகைதான். அதில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார முடியும். எட்டு வருஷம் பாடுபட்டு வாங்கிய லைசென்ஸ் இருந்தவரை, வருகிற ஊர் கண்ணாடி வழியாக எனக்கு எதிரே வரும். இப்போது கிருஷ்ணகிரிக்குப் போகும்போது அல்சூர் ஏரி சிறுத்துக்கொண்டே போவது தெரிகிறது. பெங்களூருக்குத் திரும்பும்போது கிருஷ்ணகிரி மலை சிறுத்துக்கொண்டே போவது தெரிகிறது. அத்திப்பள்ளி எல்லையில் பஸ் கொஞ்சம் நிற்கும். இறங்கிக் கரியைக் கிளறிவிட்டு, மூடியை இறுக்கி மூடுவேன். புகை எங்காவது கசிகிறதா என்று இரண்டு தடவை சுற்றிப் பார்ப்பேன். பிறகு பலகையில் ஏறிக்கொள்வேன். எந்தப் பக்கம் போனாலும், எனக்குத் தெரிவது விட்டு வந்த ஊர்தான்.